பழனிக்கு நடக்கிற கால் தெருமுனைக்கு நடக்காதது ஏன்?

கேள்வியை முதலில் சுருக்கி வைத்துவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 42. காரைக்குடியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். தை மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, 6.2 வந்திருக்கிறது. மருத்துவர், "மாத்திரை இப்போது வேண்டாம். நடங்கள், சாப்பாட்டை ஒழுங்கு பண்ணுங்கள், எடையைக் கொஞ்சம் குறையுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதற்கப்புறம் மூன்று முறை காலை நடை ஆரம்பித்தாராம். புது ஷூ வாங்கினார், ஜிம்முக்குப் பணம் கட்டினார். ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு நாளில் நின்றுபோகிறது. "ஆர்வம் வரும்போது மலையைப் புரட்டிவிடலாம் போலிருக்கிறது, அப்புறம் செருப்பை மாட்டக்கூட மனம் வரவில்லை. இத்தனைக்கும் இரண்டு வருடம் பழனிக்கு நடந்தே போய் வந்தவன் நான். இந்த ஆர்வத்தை எப்படித் தக்கவைப்பது?" என்று கேட்கிறார்.

தம்பி, நான் இந்தப் பக்கத்து ஊர்களில் சர்க்கரை நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்லும் வேலையில் 24 வருடமாக இருக்கிறேன். வயதில் மூத்த உரிமையில் தம்பி என்கிறேன். ஆர்வத்தைத் தக்கவைக்க முடியாது. அது வரும், போகும். அதைப் பிடித்து வைக்கப் பார்த்துத்தான் மூன்று முறையும் களைத்துப் போனீர்கள். ஆர்வம் இருக்கிற இரண்டு நாளில், அது இல்லாத நூறு நாளுக்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்து வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் நான் சொல்லப்போவது. எப்படி என்பதைத்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பழனி பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டீர்கள். பதில் அந்த வரியில்தான் இருக்கிறது.

குன்றக்குடியிலிருந்து பழனிக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி அந்த வழியில் 400 வருடத்துக்கும் மேலாக நடந்து போகிறது. காவடி எடுத்தவர்கள் திரும்பும்போதும் நடந்தே வருகிறார்கள். அதில் எழுபது வயது ஆச்சிகள் இருக்கிறார்கள், மூட்டுவலிக்காரர்கள் இருக்கிறார்கள், வருடம் முழுக்க கல்லாவில் உட்கார்ந்தே இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஏழு நாளும் உற்சாகம் பொங்கிக்கொண்டா இருந்தது? மூன்றாம் நாள் காலில் கொப்புளம் வந்த பிறகு உங்களுக்கு எவ்வளவு உற்சாகம் மிச்சம் இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஆனாலும் நான்காம் நாள் விடியுமுன் எழுந்து நடந்தீர்கள். ஏனென்றால் கிளம்பும் நாள் முன்னமே தெரியும். எந்த ஊரில் தங்குவது, எங்கே சோறு, மூட்டையை எந்த வண்டி கொண்டுவரும் என்பதெல்லாம் உங்களுக்கு முன்னால் நடந்தவர்கள் ஏற்படுத்தி வைத்தது. வெயில் ஏறுமுன் எவ்வளவு தூரம் கடக்க வேண்டும் என்பதும் தெரியும். பக்கத்தில் நடக்கிறவர் எழுந்துவிட்டார், நீங்களும் எழுந்தீர்கள். அந்த ஏழு நாளில் ஒரு நாளாவது "இன்றைக்கு நடக்கலாமா வேண்டாமா" என்று உட்கார்ந்து யோசித்தீர்களா? அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. விரதம் ஆரம்பித்த அன்றே அது முடிந்துபோன விஷயம்.

வீட்டில் அலாரம் அடித்ததும் அந்தக் கேள்வி தினமும் புதிதாக எழுகிறது. இன்றைக்கா, நாளைக்கா? எந்த ரோட்டில்? நேற்று நாய் துரத்திய தெருவிலேயா? ஷூவுக்குள் சாக்ஸ் இருக்கிறதா? ராத்திரி கடை அடைத்து வர ஒன்பதரை ஆகி, பதினொன்றுக்குப் படுத்தவர் ஐந்தரை மணிக்கு இத்தனைக்கும் பதில் தேட வேண்டும். அந்த நேரத்தில் போர்வைதான் ஜெயிக்கும். இதில் உங்கள் மனவுறுதிக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 2002இல் இங்கிலாந்தில் 248 கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு குழுவுக்கு உடற்பயிற்சி செய்யாவிட்டால் இதயம் என்ன ஆகும் என்று படிக்கக் கொடுத்து ஆர்வத்தைக் கிளப்பினார்கள். மூன்றாவது குழுவுக்கு அதே படிப்போடு, அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் 20 நிமிடப் பயிற்சி செய்யப் போகிறாய் என்று ஒரு வரி எழுதச் சொன்னார்கள். ஒன்றும் சொல்லப்படாதவர்களில் 38 சதவீதம் பேர் பயிற்சி செய்தார்கள். ஆர்வம் கிளப்பப்பட்டவர்களில் 35 சதவீதம். அந்த ஒரு வரி எழுதியவர்களில் 91 சதவீதம். இது ஒரு வாரத்துக் கணக்குதான், வருடக் கணக்கு இல்லை. ஆனால் ஆர்வத்தை மட்டும் ஏற்றிவிட்டதால் ஒரு பலனும் இல்லை என்பது அதில் பளிச்சென்று தெரிகிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இந்த "எப்போது, எங்கே, எப்படி" வரியைப் பல காலம் ஆராய்ந்தவர். அவரும் ஷீரன் என்பவரும் 2006இல் இப்படிப்பட்ட 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் பலன் தெளிவாகவே தெரிந்தது.

நாமும் இங்கே ஒரு கல்யாணத்தை ஆர்வத்தை நம்பி நடத்துவதில்லையே. யார் யாருக்கு என்ன முறை, என்ன சாமான், எத்தனை என்று சிட்டை எழுதாமல் செட்டிநாட்டில் ஒரு விசேஷம் நடந்திருக்கிறதா? உடம்புக்கு மட்டும் சிட்டை இல்லாமல், மனசு சொல்லும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம்.

உங்கள் சிட்டையின் முதல் வரியை நானே எழுதித் தருகிறேன். காலை நடையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிடுவதாகவும், பழைய வீட்டில்தான் குடியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது போதும். "மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும், வளவை, அதாவது வீட்டு நடுவில் முற்றத்தைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்தை, சுற்றிப் பத்து நிமிடம் நடப்பேன். ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் அதேபோல் பத்து நிமிடம்." இவ்வளவுதான். கை கழுவுவதை நீங்கள் எந்த நாளும் மறக்கப் போவதில்லை, அதனால் நடையை அதோடு முடிச்சுப் போட்டு வைக்கிறோம். ஷூ வேண்டாம், ரோடு வேண்டாம், நாய்ப் பயம் இல்லை. சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் வளவில் கூரை இருக்கிறது. என் ஆயா வீட்டு வளவில் முற்றத்தைச் சுற்றி ஒரு சுற்று வந்தால் எனக்கு எண்பது காலடி. பன்னிரண்டு சுற்றில் பத்து நிமிடம் ஆகிவிடும். உங்கள் வளவில் எத்தனை என்று இன்றைக்கே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் தண்ணீர் சிந்தியிருந்தால் வழுக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டவுடன் நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. சோறு செரித்துச் சர்க்கரையாக ரத்தத்தில் ஏறும் நேரத்தில் கால் தசைகள் வேலை செய்தால், அவை அந்தச் சர்க்கரையை இழுத்துச் செலவழித்துக்கொள்கின்றன. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் சர்க்கரை நோயாளிகள் 41 பேரை வைத்து இதைச் சோதித்து 2016இல் எழுதினார்கள். தினமும் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடந்தபோது ஏறியதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடமாக நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 22 சதவீதம் குறைவு. நம் வீடுகளில் இரவில் வயிறு நிறையச் சாப்பிட்டு, டிவி பார்த்து, அப்படியே படுத்துவிடுகிறோம். அதனால் இரண்டு நடையில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்கிற நாளில் இரவு நடையைக் காப்பாற்றுங்கள்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது சுறுசுறுப்பான நடை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் கணக்கு இருபது நிமிடம், ஏழு நாள், 140. பக்கத்தில் வந்துவிட்டோம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். இரண்டு மாதம் இது நிலைத்தபிறகு காலை நடையைச் சேர்ப்பது பற்றிப் பேசலாம். இப்போது வேண்டாம். உற்சாகத்தில் நீங்கள் கட்டாயம் சேர்க்கப் பார்ப்பீர்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து, தடைகளுக்கு முன்கூட்டியே பதில் எழுத வேண்டும். உங்கள் தடை உங்களுக்குத்தான் தெரியும். இருந்தாலும் சிலவற்றை ஊகிக்கிறேன். சரக்கெடுக்க வெளியூர் போகும் நாளில், "ஹோட்டலில் சாப்பிட்டு இறங்கியதும் அந்தத் தெருவிலேயே பத்து நிமிடம் நடந்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்." முகூர்த்த மாதத்தில் சீர்ப் பாத்திரம் எடுக்கக் கூட்டம் வந்து மதியம் வீட்டுக்கே போக முடியாவிட்டால், "கடையிலேயே சாப்பிட்டு, குடோனுக்குள் பத்து நிமிடம்." காய்ச்சல் வந்தால், "காய்ச்சல் விட்ட மறுநாள் மதியம் பாதி நேரத்தில் ஆரம்பிப்பேன்." இந்தக் கடைசி வரி முக்கியம். நான் பார்த்தவரை, பழக்கம் நின்றுபோவது காய்ச்சலால் இல்லை. காய்ச்சல் முடிந்தபிறகு மறுபடி எந்த நாளில் ஆரம்பிப்பது என்று யாரும் முடிவு செய்து வைக்காததால்தான் நின்றுபோகிறது.

சரி, அடுப்படிக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த இடமும் அதுதான், நோய் மாறுகிற இடமும் அதுதான்.

செட்டிநாட்டுச் சமையல் என்றாலே எண்ணெய் மிதக்கிற கோழிக் குழம்பு என்று வெளியூரில் நினைக்கிறார்கள். போர்டு மாட்டிய ஹோட்டல்கள் செய்த வேலை அது. நம் வீடுகளில் அன்றாடம் செய்வது தண்ணீர்க் குழம்பு, இளங்குழம்பு, கீரை மசியல், கோசுமல்லி, கூட்டு, மிளகு ரசம். சர்க்கரை இருப்பவருக்கு இதில் பயப்பட ஒன்றும் இல்லை. நான் நோயாளிகளிடம் வீட்டுச் சமையலை மாற்றச் சொல்வதே கிடையாது. மாற்ற வேண்டியவை இரண்டு. ஒன்று சோற்றின் அளவு. இரண்டாவது, நாலு மணிப் பலகாரம்.

அளவுக்கு உங்கள் கடையிலிருந்தே ஒரு சின்னக் கிண்ணத்தை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அது உங்கள் சோற்றுக் கிண்ணம். அதில் ஒரு தடவை, தட்டிப் பரப்பி. தட்டில் பாதி காய், கால்பாகம் சோறு, மீதிக் கால்பாகம் பருப்போ மீனோ முட்டையோ கறியோ. இன்னொன்று, சாப்பிடும் வரிசை. காயும் பருப்பும் முதலில் உள்ளே போய், சோறு பிறகு போனால் சர்க்கரை ஏறுவது மெதுவாகிறது என்பது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. இலை போட்டால் கூட்டும் பொரியலும்தான் முதலில் வருகின்றன. சோறு வரும்வரை காத்திருக்காமல் அவற்றைச் சாப்பிட ஆரம்பித்துவிடுங்கள்.

நாலு மணிதான் பெரிய விஷயம். காபியோடு ஒரு பலகாரம் இல்லாமல் நமக்குச் சாயங்காலம் வருவதில்லை. வெள்ளைப் பணியாரம், வடை, இல்லாவிட்டால் டின்னில் இருக்கிற சீப்புச்சீடை, மனகோலம், தேன்குழல். மதியம் சோற்றைக் குறைத்த ஆளுக்கு நாலு மணிக்குப் பசி கூடவே எடுக்கும். அப்போது போய், "எண்ணெய்ப் பலகாரம் தொடாதே" என்றால் யாரால் முடியும்? கண்ணுக்கு எது முதலில் படுகிறதோ அதைத்தான் கை எடுக்கும். ஆகவே அந்தப் பசிக்கு முந்தின ராத்திரியே பதில் சொல்லியாக வேண்டும்.

ராத்திரி நடை முடிந்ததும் ஒரு கைப்பிடி கருப்புக் கொண்டைக்கடலையைக் கழுவித் தண்ணீரில் போட்டுவிடுங்கள். ஒரு நிமிட வேலை. எட்டு மணி நேரம் ஊறிவிட்டால் காலையில் இட்லி வேகும்போதே பக்கத்து அடுப்பில் குக்கரில் வெந்துவிடும். கடுகு, கறிவேப்பிலை, ஒரு வரமிளகாய், கொஞ்சம் தேங்காய்ப்பூ. சின்னச் சம்படத்தில் போட்டு மதியம் கடைக்குக் கிளம்பும்போது கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். 50 கிராம் காய்ந்த கடலையில் ஏறத்தாழ 10 கிராம் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் நிறைய. ராத்திரிவரை பசி அடங்கியிருக்கும். ஒரு நாள் கடலை, ஒரு நாள் தட்டைப்பயறு, ஒரு நாள் பாசிப்பயறு, மொச்சைக் காலத்தில் மொச்சை. நவராத்திரிக்கு ஒன்பது நாளும் சுண்டல் செய்கிற வீடுதானே, கையோடு கையாக நடந்துவிடும். எந்தப் பயறு எந்தக் கிழமை என்று எழுதி அடுப்படிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். தினமும் யோசித்துக்கொண்டு நின்றால் ஒரு வாரத்தில் அலுத்துவிடும்.

பலகார டின்னை என்ன செய்வது? தூக்கிப் போட வேண்டாம், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், வந்தவர்களுக்கும் கொடுக்க வேண்டும். வீட்டின் பின்பகுதியில், இரண்டாம் கட்டில் இருக்கும் பெரிய அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். முகப்பிலிருந்து அங்கே நடந்து, சாவி வாங்கித் திறந்து எடுக்க வேண்டும் என்றால் பாதி நாள் வேண்டாம் என்று தோன்றிவிடும். அதேபோல் சந்தைக்குப் போய் வந்த அன்றே காய்களைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, பீன்ஸ், கோஸ், கேரட்டை நறுக்கி டப்பாக்களில் போட்டுவிட்டால் மூன்று நாளைக்குப் பொரியல் தயார். கீரையை மட்டும் அன்றன்றைக்கு வாங்குங்கள்.

கவுனி அரிசி பற்றிக் கேட்டிருந்தீர்கள். கருப்பரிசி சர்க்கரைக்கு நல்லதாமே, தினம் சாப்பிடலாமா என்று. அரிசியின் நிறம் நல்லதுதான். ஆனால் நாம் அதைச் சர்க்கரை, தேங்காய், நெய் சேர்த்து இனிப்பாகத்தானே செய்கிறோம். அது விருந்துப் பண்டம். விருந்து நாளில் இரண்டு கரண்டி சாப்பிடுங்கள், மருந்து என்று நினைத்துத் தினம் சாப்பிடாதீர்கள். உப்பும் ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். வற்றல், ஊறுகாய், அப்பளம் மூன்றில் ஒரு வேளைக்கு ஒன்று மட்டும் போதும்.

இப்போது ஆத்தா. "ஆத்தா இன்னும் ஒரு கரண்டி வைக்கும்போது வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை யாரும் பலவீனம் என்று சொல்லக் கூடாது. நம் வீடுகளில் பாசம் கரண்டியில்தான் வருகிறது. கையை மறித்தால் அவர்கள் மனசு வாடிப்போகும். என் வேலையின் முதல் பத்து வருடமும் நான் நோயாளியிடம் மட்டும் பேசி, அச்சடித்த உணவு அட்டவணையைக் கையில் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு முறை பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் மூன்றாவது தடவையாகச் சர்க்கரை ஏறி வந்தார். கூட அவருடைய ஆத்தாவும் வந்திருந்தார்கள். கோபப்படாமல் என்னிடம் கேட்டார்கள்: "நீங்க இவனுக்கு எழுதிக் குடுத்தீங்க. சமைக்கிறது நான். எனக்கு என்ன எழுதிக் குடுத்தீங்க?" அன்றைக்கு நான் என் வழியை மாற்றிக்கொண்டேன். அதற்கப்புறம் சமைப்பவரைப் பார்க்காமல் யாருக்கும் அட்டவணை கொடுத்ததில்லை.

ஆகவே உங்கள் ஆத்தாவிடம் "வைக்காதீங்க" என்று சொல்லாதீர்கள். வேலை கொடுங்கள். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து, "6.2 இருக்குத்தா. 6.5 ஆனா சர்க்கரை நோய்னு எழுதிருவாங்க. அதுக்குள்ள எறக்கணும். நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல்லுங்கள். கிண்ணத்தை அவர்கள் கையில் கொடுங்கள். எந்த நாள் எந்தப் பயறு என்று முடிவு செய்வதும் அவர்கள் பொறுப்பாகட்டும். இன்னொரு கரண்டி வைத்தே ஆக வேண்டும் என்றால் கூட்டை வைக்கட்டும், அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இப்படி ஒப்படைத்த வீடுகளில், மகனைவிட ஆத்தாதான் கண்டிப்பாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி வளவு நடைக்கு அவர்களையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். பத்துச் சுற்றில் இரண்டு சுற்று வந்தாலும் அவர்களுக்கும் நல்லது. பழனி வழியில் உங்கள் பக்கத்தில் நடந்தவர் செய்த உதவியை வீட்டில் ஆத்தா செய்வார்கள். பெரும்பாலும் நீங்கள் எழுந்திருக்குமுன் அவர்கள் எழுந்து நிற்பார்கள்.

விசேஷ நாட்களை வருடத் தொடக்கத்திலேயே காலண்டரில் குறித்துவிடுங்கள். தை, வைகாசி, ஆவணியில் எத்தனை கல்யாணம் வரும் என்பது உங்களுக்குத் தெரியும், உங்கள் வியாபாரமே அதுதானே. விருந்தில் ஒரு இனிப்பு, பிடித்தது எதுவோ அது, ரசித்துச் சாப்பிடுங்கள். இரண்டாவது பரிமாறலுக்கு இலையை மூடிவிடுங்கள். திரும்பும்போது ஓலைக் கொட்டானில் பலகாரம் கொடுத்து அனுப்புவார்கள். அது யாருக்குப் போகப் போகிறது என்பதைக் கிளம்புமுன்னே முடிவு செய்யுங்கள். கடைப் பையன்கள் வீட்டுக்கோ, எதிர்வீட்டுக்கோ. வீட்டுக்குள் வந்துவிட்டால் அது உங்களுக்குத்தான்.

எத்தனை நாளில் பழக்கமாகும் என்று கேட்டிருந்தீர்கள். 21 நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழக 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். வாய்மாறி வாய்மாறி, எந்தப் பழக்கமும் 21 நாளில் வந்துவிடும் என்று ஆகிவிட்டது. நமக்கும் 21 என்றால் ஒரு நெருக்கம் உண்டு. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி, 21 இழை திரித்துப் பிள்ளையார் நோன்பு கும்பிடுகிறவர்கள் நாம். நோன்புக்கு அந்தக் கணக்கு சரி. உடம்பின் கணக்கு வேறு. லண்டனில் பிலிப்பா லாலி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 96 பேரை 84 நாள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒவ்வொருவரும் தினசரி ஒரு வேலையோடு சேர்த்து ஒரு புதுப் பழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். யோசிக்காமலே அது நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆனால் சிலருக்கு 18 நாளிலேயே வந்துவிட்டது, சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது மாதிரிச் சின்னப் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சிக்கு நாள் அதிகம் பிடித்தது.

நீங்கள் மூன்று முறையும் பத்துப் பன்னிரண்டு நாளில் நிறுத்தினீர்கள். அது தோல்வி இல்லை, விதை முளைக்குமுன் தோண்டிப் பார்த்தது. அதே ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரிந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பாதிக்கப்படவில்லை. ஒரு நாள் விட்டால் எல்லாம் போயிற்று என்று நினைத்துக் கைவிடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். விட்டுப்போனால் மறுநாள் மதியம் கை கழுவியதும் நடங்கள். விட்டதற்குச் சேர்த்து இருபது நிமிடம் நடக்க வேண்டாம், அதே பத்துதான்.

கணக்கு எழுதுங்கள். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நம் ஐயாக்கள் அன்றன்றைக் கணக்கை அன்றைக்கே எழுதினார்கள். வேலை பழகப் பெட்டியடிப் பையனாகப் போனவர்கள் முதலில் பழகியது அதைத்தான். உங்கள் கடைச் சிட்டையின் ஓரத்தில் தினமும் மூன்று குறி போதும்: மதிய நடை, இரவு நடை, சுண்டல். செய்தால் ஒரு கோடு, செய்யாவிட்டால் சும்மா விடுங்கள். மாதக் கடைசியில் ஐந்தொகை எடுக்கிற மாதிரி எண்ணிப் பாருங்கள். எந்தக் கிழமையில் வெற்றிடம் அதிகம் என்று தெரிந்தால் அந்தக் கிழமையின் ஏற்பாட்டை மட்டும் மாற்றினால் போதும். எடையை வாரம் ஒரு தடவை, ஒரே நாள், காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். தினமும் பார்த்தால் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்து மனம் அலைபாயும்.

இவ்வளவு பாடுபட்டுப் பலன் உண்டா என்ற சந்தேகம் நடுவில் வரும். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை எல்லையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு மட்டும் இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் உணவு ஒழுங்கும் கடைப்பிடித்தவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான், 40.5 சதவீதம். நம்மைப் போலச் சோறு தின்று, நம்மைப் போல உடம்புவாகு உள்ளவர்களிடம் செய்த ஆராய்ச்சி அது. எல்லோருக்கும் வராமல் தடுத்துவிடவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் உங்கள் 6.2ஐ இறக்க வழி உங்கள் வளவிலும் அடுப்படியிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொண்டு ஆரம்பியுங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். காலில் மரத்துப்போன உணர்வு இருப்பவர்கள் வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புப் போட்டுத்தான் நடக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் நான் சொன்ன பயறு அளவைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி, இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கு ஆர்வம் ஏறியிருக்கும். நாளைக் காலை ஐந்தரைக்கு எழுந்து ஓடலாம் என்று தோன்றும். அந்த ஆர்வத்தை இன்று ராத்திரியே ஐந்து காரியத்தில் செலவழித்துவிடுங்கள். கடையிலிருந்து ஒரு சின்னக் கிண்ணமும் ஒரு சம்படமும் எடுத்துப் போங்கள். ரிப்போர்ட்டோடு ஆத்தாவிடம் கால்மணி நேரம் உட்காருங்கள். சாப்பிட்டுக் கை கழுவி, வளவை ஒரு சுற்று வந்து எத்தனை காலடி என்று எண்ணுங்கள். படுக்குமுன் கடலையை ஊறப்போடுங்கள். இன்றிலிருந்து மூன்று மாதம் கழித்து வரும் தேதியில் "ரத்தப் பரிசோதனை" என்று கடைக் காலண்டரில் எழுதிவிடுங்கள். அந்த ரிப்போர்ட்டில் எந்த எண் வந்தாலும் எனக்கு எழுதுங்கள். குறையாமல் இருந்தால் உங்கள் சிட்டையில் எந்த வரியை மாற்றலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.